வெண்ணெய்க்கு ஒன்பது நிமிடம்

ரூயியெனா, லாட்வியா
2 அக்டோபர் 2013

தங்கை பிரூதாவுக்கு,

நான் நன்றாகத்தான் இருக்கிறேன். மழை வருவதை வானொலிக்கு முன்னால் என் முழங்கால் சொல்லிவிடுகிறது, அவ்வளவுதான். காளான் கொட்டகையின் ஈரத்தில் உனக்கு வந்த இருமல் நின்றதா என்று எழுது.

நேற்றிலிருந்து இங்கே கடைகளில் ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு விலை எழுதி வைத்திருக்கிறார்கள். மேலே லாட்ஸ், கீழே யூரோ. ஜனவரியில் நம் லாட்ஸ் காசு போய் யூரோ மட்டும்தான் இருக்கும். புள்ளிவிவர அலுவலகத்துக்குக் கடை கடையாக விலை எடுத்துக் கொடுக்கும் எனக்கு வேலை இரட்டிப்பு, கூலி பழையதுதான். கேட்டு எழுதினேன். என் உழைப்பை மதிப்பதாக ரீகா தலைமை அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. மதிப்பைக் கொடுத்தால் எந்தக் கடையில் ரொட்டி தருவார்கள் என்று திருப்பி எழுதியிருக்கிறேன்.

மூலைக்கடை ஸர்மீதே என்னைக் கண்டதுமே ஆரம்பித்துவிட்டாள். "வாங்க விலை ஐயா. இருபது வருஷமா எல்லாத்தையும் தொட்டுப் பாக்குறீங்க. ஒரு நாளாவது எதையாச்சும் வாங்கியிருக்கீங்களா?" வாங்கினால் செலவு, எழுதினால்தான் புள்ளிவிவரம் என்றேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நீ அயர்லாந்துக்குப் போய் எட்டு வருடம். அம்மா இறந்து ஐந்து வருடம். ஒவ்வொரு ஜூலையும் நம் கல்லறை விழாவுக்கு ஊர்க்காரர்கள் எங்கெங்கிருந்தோ வந்து அவரவர் குடும்பத்துக் கல்லறை மணலை வாரிவிட்டு நிற்கிறார்கள். நம் வரிசையில் நான் ஒருவன். கேட்டால், அங்கே சம்பளம் அதிகம் என்கிறாய். சம்பளம் அதிகம், விலை? ஐரோப்பாவின் விலையை நூறு என்று வைத்தால் நம் நாடு எழுபதுக்குச் சற்று மேலே நிற்கிறது. உன் அயர்லாந்து நூற்றுப் பதினைந்தைத் தாண்டிவிட்டது. இதை நான் சொல்லவில்லை, புள்ளிவிவரப் புத்தகத்தில் இருக்கிறது.

ஆகவே ஒரு ஏற்பாடு. மாதத்தின் முதல் வாரத்தில் நீ அங்கேயும் நான் இங்கேயும் அதே பத்துப் பொருளின் விலையை எடுப்போம். பட்டியல் இணைத்திருக்கிறேன். உன் கண்ணால் பார்த்ததை மட்டும் எழுது. பொருள் இல்லாவிட்டால் கோடு போடு. பார்க்காததை எழுதக்கூடாது; இந்த வேலைக்கு இருக்கும் ஒரே சட்டம் அது. வாழ்வதற்கு எந்த இடம் மலிவு என்று ஜூலைக்குள் எண்களே சொல்லட்டும். நான் சொல்வது சரியென்றால் கல்லறை விழாவுக்கு வா. வந்தபின் திரும்பிப் போகாதே.

உன் அண்ணன்,
தாலிவால்டிஸ்


மொனகன், அயர்லாந்து
21 அக்டோபர் 2013

அன்புள்ள அண்ணா,

உன் முழங்காலுக்கு என் வணக்கம் சொல். என் இருமலும் நானும் சௌக்கியம். என்னோடு அறையில் இருக்கும் ரெகீனா (நம் நாட்டு லாட்கலே பக்கத்துக்காரி, அதே கொட்டகையில்தான் காளான் பறிக்கிறாள்) உன் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, "உங்க அண்ணன் கூப்பிடறாரா, வழக்குப் போடறாரா?" என்று கேட்டாள்.

ஏற்பாட்டுக்குச் சம்மதம். ஆனால் எனக்கும் ஒரு நிபந்தனை உண்டு. விலைக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போடுவேன். அந்தப் பொருளுக்கு நான் எத்தனை நிமிடம் காளான் பறிக்க வேண்டும் என்று அதில் எழுதுவேன். உன் புத்தகத்தில் அது இருக்காது. என் இடுப்பில் இருக்கிறது.

முதல் கணக்கைப் பார். வெண்ணெய், 200 கிராம், 1.25 யூரோ. இங்கே பொட்டலம் 227 கிராம். நீ திட்டுவாய் என்று வகுத்துத்தான் எழுதியிருக்கிறேன். ஒன்பது நிமிடம். நம் ஊரில் நான் பார்த்த பழைய கூலிக்கு அதே வெண்ணெய்க்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். கறுப்பு ரொட்டி இங்கே நம் ஆட்கள் நடத்தும் கடையில் மட்டும்தான், 2.60. பதினெட்டு நிமிடம், அதுவும் கல்போல. மீதி எட்டும் பின்பக்கம்.

உடம்பைப் பார்த்துக்கொள். கூரையில் நீயே ஏறாதே.

தங்கை பிரூதா


ரூயியெனா
1 டிசம்பர் 2013

பிரூதாவுக்கு,

நலம். வெளியே பனி. உன் இருமலுக்குக் காய்ச்சிக் குடிக்க லிண்டன் பூவும், இரண்டு கறுப்பு ரொட்டியும் அயர்லாந்துக்கு ஓட்டும் பார்சல் வேன்காரரிடம் கொடுத்திருக்கிறேன். கிலோவுக்கு இரண்டு யூரோ கேட்கிறார். ரொட்டியைவிட ரொட்டியின் பயணம் விலை அதிகம். இதையும் குறிப்பேட்டில் எழுதி வைத்தேன்.

உன் நிமிடக் கணக்கை நான் ஏற்கவில்லை. நிமிடம் ஒரு விலை அல்ல. எந்தக் கையேட்டிலும் இல்லை. தவிர வெண்ணெயை ஏன் பிடித்துக்கொள்கிறாய்? வெண்ணெய் எல்லை தாண்டிப் போகிற பொருள், எங்கும் ஏறத்தாழ ஒரே விலைதான் இருக்கும். எல்லை தாண்டாததைப் பார். இங்கே முடி வெட்ட மூன்று லாட்ஸ். உனக்கு இருபத்திரண்டு யூரோ. வீட்டுக்கு வாடகை இல்லை, பாதி உன்னுடையது. பிர்ச் விறகு வாசலில் அடுக்கியிருக்கிறது. உன் சேமிப்பை இங்கே கொண்டுவந்தால் அது ஒன்றரை மடங்கு நீளும்.

இதை ஸர்மீதேயிடம் சொன்னேன். "அப்ப உங்க தங்கச்சி காசு மட்டும் இங்க வந்தாப் போதும்கிறீங்க," என்றாள். அவளிடம் சொன்னது என் தவறு.

பக்கத்து ஊரில் என்னைப்போல விலை எடுக்கும் ஒருத்தி அடுப்பங்கரையில் உட்கார்ந்துகொண்டு போன மாத விலையையே மறுபடி எழுதிக் கொடுத்ததை உனக்கு ஒருமுறை சொல்லியிருக்கிறேன். மூன்று மாதம் பால் விலை ஒரு காசுகூட அசையவில்லை. நான்தான் கண்டுபிடித்து ரீகாவுக்கு எழுதினேன். வேலை போயிற்று. ஊரில் பலர் இன்னும் என்னோடு பேசுவதில்லை. பரவாயில்லை. விலை என்றால் அசையும். அசையாத விலை பொய்.

அண்ணன்


மொனகன்
12 ஜனவரி 2014

அன்புள்ள அண்ணா,

புது வருடம் உனக்கு நன்றாக அமையட்டும். ரொட்டி வந்தது. ரெகீனாவும் நானும் நின்றபடியே அரை ரொட்டியைத் தின்றோம். அதற்கு நிமிடம் போடவில்லை, பயப்படாதே.

முடி வெட்டும் கணக்குக்குப் பதில்: ஊரில் முடி வெட்டுவது மலிவு என்றால் வெட்டுகிறவளுக்குக் கிடைப்பது அவ்வளவுதான் என்று அர்த்தம். உன் மலிவு முழுக்க யாரோ ஒருத்தியின் சம்பளம் அண்ணா. நான் திரும்பி வந்தால் அந்த ஒருத்தி நான்தான்.

இந்த மாதம்: வெண்ணெய் 1.27, ஒன்பது நிமிடம். முட்டை பத்து, 2.05, பதினைந்து நிமிடம். முடி வெட்ட 22 யூரோ, இரண்டரை மணிக்கும் மேலே. மற்றவை பின்பக்கம். போன மாதத்தைவிடக் கொஞ்சம் மெதுவாகப் பறிக்கிறேன், அதனால் நிமிடங்கள் ஏறலாம். இருமலுக்கு ஆஸ்பத்திரியில் ஒரு எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்க்கலாம் என்கிறார்கள். அடுத்த வாரம்.

சண்டை போட்டாலும் ஒன்று சொல்கிறேன். நீ ஜெயித்தால் எனக்கு வருத்தமில்லை.

பிரூதா


ரூயியெனா
9 பிப்ரவரி 2014

பிரூதாவுக்கு,

குளிர் மைனஸ் பத்தொன்பது வரை இறங்கியது. நான் நலம். படத்தில் என்ன வந்தது? எழுதவில்லையே.

லாட்ஸ் போய்விட்டது. பையில் ஒரு நாணயம் வைத்துக்கொண்டேன், சால்மன் மீன் போட்டது. வெண்ணெய் 1.62 யூரோ. உன்னுடையதைவிட அதிகம் என்று சிரிப்பாய், சிரித்துக்கொள். கறுப்பு ரொட்டி 0.88. முடி வெட்ட 4.30, லாட்ஸை யூரோவாக மாற்றும்போது வெட்டுகிறவள் சில்லறையை ஏற்றிவிட்டாள், நான் முகத்துக்கு நேரே சொன்னேன். "அப்ப பாதித் தலையோட எந்திரிச்சுப் போங்க," என்றாள். உட்கார்ந்தேன்.

பத்துப் பொருளையும் சேர்த்துப் பார்த்தால் நான் முன்னால் நிற்கிறேன். உன் அறையின் ஜன்னல் இடுக்குகளை அடைத்துவிட்டேன். அது விலைப்பட்டியலில் சேராது, தகவலுக்காக.

பிப்ரவரிப் பட்டியலை ஏன் இன்னும் அனுப்பவில்லை?

அண்ணன்


மொனகன்
23 மார்ச் 2014

அண்ணாவுக்கு,

சுகம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

பிப்ரவரிக்கும் மார்ச்சுக்கும் சேர்த்து எழுதுகிறேன். வெண்ணெய் 1.27, 1.27. முட்டை 2.05, 2.05. கறுப்பு ரொட்டி 2.60, 2.60. மற்றவையும் பழையபடிதான். முடி வெட்டும் விலையை விட்டுவிட்டேன், எனக்கு இப்போது தேவைப்படவில்லை.

கை சோர்ந்து போகிறது. மீதி பிறகு.

பிரூதா


ரூயியெனா
6 ஏப்ரல் 2014

பிரூதாவுக்கு,

என் உடம்பைப் பற்றி எழுத இப்போது மனமில்லை.

உன் பட்டியலை மூன்று முறை பார்த்தேன். ஜனவரி, பிப்ரவரி, மார்ச். பத்துப் பொருளில் ஒன்பது ஒரு காசுகூட மாறவில்லை. உலகத்தில் எந்த ஊரிலும் மூன்று மாதம் முட்டை விலை அப்படி நிற்காது. நீ கடைக்குப் போகவில்லை. உட்கார்ந்த இடத்தில் எழுதியிருக்கிறாய். முடி வெட்டும் விலை உனக்குத் தேவைப்படாவிட்டால் என்ன? தேவைப்படாதவருக்கும் விலை விலைதான். வாசலில் நின்று பலகையைப் படிக்க எத்தனை நேரம் ஆகும்? நிமிடக் கட்டத்தையும் மொத்தமாகக் காலியாக விட்டிருக்கிறாய். ஒன்பது நிமிடம், ஒன்பது நிமிடம் என்று கொடி பிடித்தவள் நீதான்.

தோற்றுப் போகிறோம் என்று தெரிந்தால் அதைச் சொல். பொய் விலை எழுதாதே. பக்கத்து ஊர்க்காரிக்கு நான் என்ன செய்தேன் என்று உனக்குத் தெரியும். என் தங்கை என்பதற்காக அளவை மாற்ற மாட்டேன். அம்மா படுத்திருந்தபோதும் நீ இப்படித்தான், வருகிறேன் வருகிறேன் என்று எழுதிக்கொண்டே இருந்தாய்.

நீ நேரில் போய்ப் பார்த்த விலையை அனுப்பும்வரை என்னிடமிருந்து கடிதம் வராது.

தாலிவால்டிஸ்


மொனகன்
1 ஜூன் 2014

அன்புள்ள அண்ணா,

ஆப்பிள் மரங்கள் பூத்து ஓய்ந்திருக்கும். நீ நலமாக இரு.

நீ சொன்னது சரி. நான் போகாமல் எழுதினேன். கடை தபாலில் போடும் விளம்பரத் தாளைப் பார்த்துச் சிலது, நினைவிலிருந்து சிலது. மன்னித்துவிடு.

நேற்றுப் போனேன். எல்லாம் என் கண்ணால் பார்த்தது, ரெகீனா சாட்சி. வெண்ணெய் 1.19. இறங்கியிருக்கிறது, பார்த்தாயா? முட்டை 2.15. கறுப்பு ரொட்டி 2.75. முடி வெட்ட 23 யூரோ, வாசலில் நின்று பலகையைப் படித்தேன். மற்ற ஆறும் இணைத்திருக்கிறேன்.

நிமிடக் கட்டத்தை நீக்கிவிடுவோம். அதை எடுத்துவிட்டால் நீ சொல்வதுதான் சரி. வேலையையும் கூலியையும் நினைக்காமல், கையில் இருப்பதை வைத்து இருக்கப் போகிறவளுக்கு ஊர்தான் மலிவு. நீ ஜெயித்துவிட்டாய் அண்ணா. கல்லறை விழாவுக்கு வருகிறேன். திரும்பிப் போக மாட்டேன்.

அம்மாவுக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறதா என்று பார்த்து வை. நாம் நிற்பதற்குத்தான்.

உன் பிரூதா


ரூயியெனா
12 ஜூன் 2014

பிரூதாவுக்கு,

முழங்கால் உட்பட எல்லாம் நலம்.

பட்டியல் சரியாக இருக்கிறது. வெண்ணெய் இங்கேயும் இறங்கியிருக்கிறது, அதனால் நீ நேரில் பார்த்துத்தான் எழுதியிருக்கிறாய் என்று நம்புகிறேன். நிமிடக் கட்டத்தை நீக்கியதை மட்டும் குறிப்பேட்டில் பதிந்திருக்கிறேன். தோற்றவர்கள்தான் கட்டத்தைக் காலியாக விடுவார்கள்.

விழா ஜூலை பதின்மூன்று, ஞாயிறு. உன் அறைக்கு வெள்ளை அடித்தாயிற்று. ஸர்மீதே கடையில் ஒரு பொட்டலம் வெண்ணெய் வாங்கினேன். "ஐயோ, விலை ஐயா காசை எடுக்கிறாரு, யாராச்சும் வந்து பாருங்க," என்று கடை முழுக்கக் கூப்பிட்டுச் சொன்னாள். தங்கை வருகிறாள் என்றேன். உடனே பொட்டலத்தைத் தாளில் சுற்றிக் கொடுத்தாள்.

அம்மாவுக்கு வலப்பக்கம் இடம் தாராளமாக இருக்கிறது. எந்த நாள் விமானம் என்று எழுது. ரீகா வரை வந்து நிற்பேன்.

அண்ணன்


மொனகன்
30 ஜூன் 2014

மதிப்புக்குரிய தாலிவால்டிஸ் ஐயாவுக்கு,

வணக்கம். நீங்கள் நலமாக இருக்கும்போது இந்தக் கடிதம் வந்து சேர வேண்டும். நான் ரெகீனா, பிரூதாவோடு அறையில் இருந்தவள். உங்களிடம் தொலைபேசி இல்லை. தந்திபோல இரண்டு வரியில் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

பிரூதா ஜூன் 23, லீகோ பண்டிகை அன்று மத்தியானம் இறந்துவிட்டாள். நுரையீரலில் புற்றுநோய். ஜனவரியில் எடுத்த படத்திலேயே தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவள் ஒரு நாளும் காளான் பறிக்கவில்லை. மார்ச்சுக்குள் தலைமுடி எல்லாம் போய்விட்டது. உங்களுக்கு எழுதச் சொல்லி எத்தனையோ முறை சண்டை போட்டேன். "சொன்னா வந்து நிப்பான். வந்தா டாக்டர்கிட்ட ஊசி விலை கேப்பான்," என்று சிரிப்பாள். வேறு காரணமும் இருந்திருக்கும். என்னிடம் சொல்லவில்லை.

உங்கள் ஏப்ரல் கடிதத்தைத் தலையணைக்கடியில் வைத்திருந்தாள். மே கடைசியில் ஒரு நாள் கொஞ்சம் தெம்பாக இருந்தாள். கடைக்குப் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். மருத்துவமனை சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனேன், தூறலில். ஒவ்வொரு விலையையும் அவளே படித்துச் சொன்னாள், நான் எழுதினேன். வெண்ணெய் மேல்தட்டில் இருந்தது. நான் படிக்கிறேன் என்றேன். "நீ பாத்தா செல்லாது," என்று என் தோளைப் பிடித்து எழுந்து நின்றாள். மூச்சிரைப்பு தணிந்து விலையைப் படித்து மறுபடி உட்காரப் பதினோரு நிமிடம் ஆயிற்று. கடைக் கடிகாரம் எதிரிலேயே இருந்ததால் தெரியும். ஊழியர் ஒருவர் வந்து ஏதாவது எடுத்துத் தரட்டுமா என்று கேட்டார். ஒன்றும் வாங்கப் போவதில்லை, எழுத வந்தோம் என்றாள்.

உங்கள் கடைசிக் கடிதத்தை நான்தான் படித்துக் காட்டினேன். தோற்றவர்கள் கட்டத்தைக் காலியாக விடுவார்கள் என்ற இடத்தில் மறுபடி படிக்கச் சொன்னாள். "அவனுக்குப் புரியலை. நல்லது. ஜெயிச்சதாவே இருக்கட்டும்," என்றாள்.

விழாவுக்கு வருவேன் என்று உங்களுக்கு எழுதியதை எப்படியாவது நிறைவேற்றச் சொல்லியிருந்தாள். பார்சல் வேன்காரர் பத்தாம் தேதி உங்கள் வாசலுக்கு வருவார். அஸ்தியும் காகிதங்களும் அவரிடம் இருக்கும். கிலோ கணக்குப் பார்க்காமல் கொண்டுவருகிறேன் என்றார்.

உங்கள் துக்கத்தில் நானும்,
ரெகீனா


ரூயியெனா
3 ஆகஸ்ட் 2014

மதிப்புக்குரிய ரெகீனாவுக்கு,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும். உங்கள் கடிதமும், வேன்காரரும், அவளும் சொன்ன தேதியில் வந்து சேர்ந்தார்கள். அவர் உள்ளே வந்து காப்பி குடித்துவிட்டுப் போனார்.

பதின்மூன்றாம் தேதி விழா நடந்தது. அம்மாவுக்கு வலப்பக்கம் வைத்தோம். ஸர்மீதே கடையை அடைத்துவிட்டு வந்திருந்தாள். பக்கத்து ஊரிலிருந்து, என்னால் வேலை போனவளும் வந்தாள். அவள் எனக்குப் பக்கத்தில் நின்று மணலை வாரினாள். பிறகு போய்விட்டாள்.

நான் மன்னிப்புக் கேட்கத் தெரிந்தவன் அல்ல. ஜனவரி வரை ஒவ்வொரு வரியிலும் நிமிடம் எழுதியவள், அதன்பின் ஒரு வரியிலும் எழுதவில்லை. விலை அசையவில்லை என்பதைக் கண்டுபிடித்தேன். கட்டம் ஏன் காலி என்று கேட்டுப் பார்க்கவில்லை. இருபது வருடம் இதே வேலைதான் செய்திருக்கிறேன். காலியான கட்டத்தைக் கண்டால் ரீகாவுக்குக் காரணம் எழுதாமல் விடமாட்டேன்.

குறிப்பேட்டில் ஜூன் மாதப் பக்கத்தை எடுத்தேன். வெண்ணெய், மொனகன், 1.19. பக்கத்துக் கட்டத்தில் பதினோரு நிமிடம் என்று எழுதியிருக்கிறேன், பென்சிலில் அல்ல, மையில். நானும் பார்க்காமல், அவளும் எழுதாமல், நான் பதிந்த எண் அது ஒன்றுதான். சட்டப்படி தவறு. யார் சொன்னாலும் அழிக்க மாட்டேன்.

லிண்டன் பூ கொஞ்சம் அனுப்பியிருக்கிறேன். கொட்டகையில் ஈரம் அதிகம் என்று அவள் எழுதியிருந்தாள். உங்களுக்கு இருமல் இருந்தால் உடனே போய்க் காட்டுங்கள். காட்டியதை எனக்கு எழுதுங்கள்.

தாலிவால்டிஸ்